வித்தியாசம் சொன்ன அக்கா

யார் ஜெயிப்பார்கள் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை கோலில் என்றுதான் சொல்வார். அதையும் நாங்கள் பத்துத் தடவை கேட்ட பிறகு, மாவு அப்பிய மணிக்கட்டால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல் அலுப்பாகச் சொல்வார்.

"ரெண்டரை. போய் உக்காருங்க."

பர்மாவின் தலைநகரில், பபேடான் வட்டாரத்தில், மசூதிக்குப் பின்தெருவில் அவருடைய பரோட்டாக் கடை. நாலு மேசை, உட்காரக் குட்டை முக்காலிகள், மழைக்கு முன்னால் இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய். கணவர் இறந்த பிறகு கடையை அவரே எடுத்து நடத்தினார். செல்வி என்று ஒரே மகள். எனக்கு இருபது வயதானபோது அக்காவுக்கு நாற்பது இருக்கும். ஆனால் நாற்பது வயதுக்காரி நிற்பதுபோல நிற்கமாட்டார். மாவுப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, பாரத்தை முழுக்க அதன்மேல் இறக்கிவிட்டு நிற்பார்.

எண்பத்தெட்டு மாணவர் கிளர்ச்சியில் மூடிய கல்லூரிகள், திறந்து மூடித் திறந்து மூடி, ஒருவழியாகத் தொடர்ந்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் நான் சேர்ந்தேன். எங்கள் கல்லூரிப் பனியன் மஞ்சள். ஊரின் மறுபக்கத்துக் கல்லூரிக்குப் பச்சை. இரண்டுக்கும் வருஷத்துக்கு ஒரு கால்பந்து ஆட்டம், டிசம்பரில். அந்த ஒரே ஆட்டத்துக்காக மழை பிடித்த நாளிலிருந்து அக்கா கடையில் உட்கார்ந்து சண்டை போடுவோம்.

பச்சைதான் பலமான அணி. அதில் எங்களுக்கே சந்தேகமில்லை. அதனால் யார் ஜெயிப்பது என்று பந்தயம் கட்ட ஆள் கிடையாது. பச்சை எங்களுக்கு எத்தனை கோல் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் சண்டை. இரண்டரை கோல் விட்டுக்கொடுத்தால், பச்சை மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் பச்சைக்காரனுக்குப் பந்தயம். இரண்டே வித்தியாசம் என்றால், மைதானத்தில் தோற்ற எங்களுக்குக் கடையில் ஜெயம். அந்த அரை கோல் எதற்கென்றால், சமம் என்று சொல்லி எவனும் நழுவிவிடக் கூடாது என்பதற்கு. பந்தயம் பரோட்டாதான். தோற்ற மேசை, ஜெயித்த மேசைக்கு வயிறு நிறைய வாங்கித் தர வேண்டும்.

ராணுவ ஆட்சியில் வேறு எதைப் பற்றியும் உரக்கப் பேச முடியாத காலம் அது. அடுத்த மேசையில் தேநீர் குடிப்பவர் யாரென்று தெரியாது. கோலைப் பற்றி மட்டும் எவ்வளவு சத்தமாகவும் பேசலாம். அதனால்தான் அப்படிக் கத்தினோமோ என்று இப்போது தோன்றுகிறது.

பச்சை மேசைக்குத் தலைவன் கோ ஸோ. பர்மாக்காரன், எங்கள் தெருவிலேயே வளர்ந்தவன், தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவான். எங்கள் மேசைக்கு நஸீர். அவன் எங்கள் அணியின் கோல்கீப்பரும்கூட. முதல் வருஷம் கோ ஸோ, "ஒண்ணு விடுறோம், அதுக்கு மேல கேட்டா பிச்சை" என்றான்.

"மூணரை விடு" என்றான் நஸீர். தன் வலைக்குள் மூன்று கோல் விழும் என்று தானே வாதாடிய கோல்கீப்பரை அதற்குமுன் நான் கண்டதில்லை.

ஆகஸ்டு முடியும்வரை அது ஓடியது. ஒருநாள் அக்கா மாவை அடித்துக்கொண்டே, "ரெண்டரை" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றான் கோ ஸோ.

"மஞ்சள்ல பின்னாடி நிக்கிற ரெண்டு பேரு மூணு வாரமா இந்தப் பக்கமே வரல. தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிருப்பானுங்க, இவனுங்க மறைக்கிறானுங்க. உங்கள்ல முன்னாடி ஓடுற பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சு. காலை ஒடச்சிக்கிற மாதிரி இந்த வருஷம் ஓட மாட்டான். அத நீங்க மறைக்கிறீங்க. ரெண்டரை."

இரண்டு மேசையும் மறைத்ததெல்லாம் உண்மை. ஆட்டம் மூன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. நாங்கள் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அக்கா சொல்வதுதான் வித்தியாசம். மூன்று மாதம் நாங்கள் கத்துவதெல்லாம் அவர் காதில் விழுவதற்காகத்தான் என்று ஆகிவிட்டது.

கோலோடு நிற்கவில்லை. தெருவில் ஆளாளுக்கு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். முனைக் கடைத் தையல்காரர் தம்பியோடு கடையைப் பிரிக்க வழக்குப் போடலாமா என்று கேட்டார்.

"அவரு பக்கம் மூணு ஆம்பளப் புள்ளைங்க நிக்குது. உங்க பக்கம் நீங்களும் உங்க இருமலும். ரெண்டு கோல். பேசி முடிச்சுக்கங்க" என்றார் அக்கா. தையல்காரர் ஒரு மாதம் அக்கா கடைப்பக்கம் வரவில்லை. பிறகு பேசி முடித்துக்கொண்டார்.

நான்கூடக் கேட்டேன். முப்பத்தாறாம் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ வீட்டுக்கும் உனக்கும் நாலு கோல். குடுக்காத" என்றார். கொடுத்தேன். மறுநாள் அவளுடைய அண்ணன் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என் தகப்பனார் கையில் தந்தான்.

இப்படிச் சொல்வதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார், மூட்டையை இறக்கி வைத்த ஆள்போல. ஏன் இவ்வளவு வெட்டிப் பேசுகிறீர்கள் என்று ஒருமுறை நஸீர் கேட்டான்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமா எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னாங்க. டாக்டரும் அதையேதான் சொன்னாரு. ஒருத்தராச்சும் உள்ளதச் சொல்லியிருந்தா, கடைசி மூணு மாசம் அந்த மனுஷன அடுப்புகிட்ட நிக்க விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

தொண்ணூற்றாறில் பச்சையின் நல்ல ஆட்கள் இரண்டு பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். நஸீருக்கு அது கடைசி வருஷம், பந்து அவன் கையைத் தேடி வந்து ஒட்டிக்கொண்ட வருஷம். செல்வி அந்த வருஷம்தான் எங்கள் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருந்தாள். வகுப்பு முடிந்து வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, நாங்கள் போடும் சண்டையைச் சிரித்துக்கொண்டே கேட்பாள்.

அக்கா செப்டம்பர் வரை வாய் திறக்கவில்லை. கடைசியில், "அரை" என்றார்.

"அரையா?" கோ ஸோ எழுந்தே விட்டான். "எங்களுக்கும் இவனுங்களுக்கும் அரை கோல்தானா?"

"சமம்னு சொல்லேம்மா" என்றாள் செல்வி.

"சமம் இல்ல. அரை."

அவ்வளவு நெருக்கமாக அக்கா ஒருபோதும் சொன்னதில்லை. பச்சை ஒரு கோலில் ஜெயித்தாலும் பந்தயம் அவர்களுக்கு. சமமாக முடிந்தாலே எங்களுக்கு. எங்கள் அணி தோற்காமலிருக்கும் என்று நம்பிப் பந்தயம் கட்டிய ஒரே வருஷம் அது. கோ ஸோ என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நஸீர் விடியற்காலையில் எழுந்து ஓடினான்.

ஆட்டம் ஒரு சனிக்கிழமைக்கு வைத்திருந்தது. அந்த வாரம் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவ லாரிகள் வந்தன. கல்லூரிகளை மூடிவிட்டார்கள். அக்கா கடைக்கதவு நாலு நாள் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தோம். வெகு நேரம் கழித்துக் கோ ஸோ, "அரைன்னாலும் நாங்கதான் எடுத்திருப்போம்" என்றான்.

"எடுத்திருக்க மாட்டீங்க" என்றான் நஸீர்.

அந்தப் பேச்சு நாலு வருஷம் ஓடியது. ஆடாத ஆட்டத்துக்கு மழைக்கு மழை சண்டை போட்டோம். யார் காயம், யார் வேகம், மைதானம் ஈரமா காய்ந்ததா, எல்லாம் பேசினோம். முதல் வருஷம் அதில் சூடு இருந்தது. பிறகு பழக்கம்தான் மிச்சம். கல்லூரி மட்டும் திறக்கவில்லை.

கல்லூரி மூடிய அடுத்த வருஷம், மழை விடும் சமயம் நஸீர் அக்காவின் மாவுப் பலகைக்கு எதிரே போய் நின்றான். அவனுடைய மாமா ஒருவர் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கப்பலில் அவனுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார்.

"காத்திருக்கவா, போகவா அக்கா?"

"எப்பத் தொறப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அதக் கேக்கல. எனக்கு எத்தனை?"

அக்கா மாவை உருட்டி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "நாலு. வீட்டுக் கூரை ஒழுகுது. வாப்பா இல்ல. நீ இன்னும் மூணு வருஷம் இங்க உக்காந்து அந்த ஆட்டத்தையே பேசிக்கிட்டிருந்தா நாலு ஆறாகும். போயிரு."

"உம்மா தனியா இருப்பாங்களே."

"நீ பக்கத்துல இருந்தா உம்மாவுக்குச் சந்தோஷம். சந்தோஷத்துல கூரை நிக்காது" என்றார் அக்கா. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் நஸீர் போய்விட்டான். அவன் போன மறுநாள் அவனுடைய உம்மா வந்து தார்ப்பாய்க்கு வெளியே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எம்புள்ளய அனுப்பிட்டீங்க. ஒங்க மவள அனுப்புவீங்களா?"

அக்கா பதில் சொல்லவில்லை. அன்று மாலைக் கடை போடவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கள் தெருவில் எதிர்ச்சாரியிலேயே நடந்தார், மழையில் அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றாலும்.

நானும் போய்க் கேட்டேன். "உனக்கு ரெண்டு" என்றார். "அலோன்ல துறைமுகக் கிடங்குல எழுத ஆள் கேக்கறாங்களாம். போய்ப் பாரு." போனேன். எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். மூட்டை எண்ணி எழுதுகிற வேலை. அது தப்பான யோசனை என்று சொல்லமாட்டேன். சில நாள் மாலையில் பேருந்தில் வரும்போது, வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன். என்ன மாதிரி என்று கேட்டால் தெரியாது.

எங்கள் இரண்டு மேசையிலிருந்தும் ஒவ்வொருவராக அக்காவிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். மலேசியா, சிங்கப்பூர், ஒருவன் துபாய். கடைசியில் நானும் கோ ஸோவும்தான் மிஞ்சினோம். அவன் வாடகைக் கார் ஓட்டினான். மழைக்காலத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து அரை கோலைப் பேசினோம். அக்கா காதில் விழாததுபோல் இருப்பார்.

செல்வியும் கல்லூரி இல்லாமல் வீட்டில் இருந்தாள். காலையில் மாவு பிசைவாள், பயறு அவிப்பாள். தாய்க்கு முழங்கை வலி வந்த பிறகு பரோட்டாக் கல்லில் நின்றவளும் அவள்தான். அவளிடம் மட்டும் அக்கா வேறு குரலில் பேசுவார்.

"அடுத்த மாசம் தொறந்துருவாங்க."

அடுத்த மாதம் வந்ததும், "தீபாவளிக்குள்ள தொறந்துருவாங்களாம். ஒருத்தர் சொன்னாரு."

யார் சொன்னார் என்று நானும் கேட்டதில்லை, கோ ஸோவும் கேட்டதில்லை. புத்தகங்களுக்குப் பூச்சி வரக்கூடாதென்று அக்கா வேப்பிலை போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒருமுறை உறவுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் துணிக்கடை வேலை இருக்கிறது, செல்வியை அனுப்புங்கள் என்று வந்தார். "படிக்கிற பொண்ணு. எப்படி அனுப்பறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கல்லூரி மூடி அப்போது மூன்று வருஷம். செல்வி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். ஊருக்கே உள்ளதைச் சொன்னவரிடம் உள்ளதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நஸீருடைய உம்மா இறந்தபோது அவன் கடலில் இருந்தான். அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். அக்கா கடையைச் சாத்திவிட்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனார். புதுத் தகரக் கூரை போட்ட வீடு. உள்ளே பெண்கள் நிறைய இருந்தார்கள், வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

நஸீர் மூன்று வாரம் கழித்து வந்தான். கறுத்துத் தடித்து, தலை முன்பக்கம் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம், நல்ல மழை, கடையில் நானும் அவனும்தான். அவன் கேட்காமலே அக்கா பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் குழம்பு ஊற்றி வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டான்.

"அன்னிக்கி நாலுன்னு சொன்னீங்களே அக்கா."

"ஆமா."

"அது சரிதானே?"

அக்கா பலகையில் கையை ஊன்றினார். "தெரியலப்பா" என்றார். தான் சொன்ன எண்ணைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரின்னு சொல்லுங்க. கப்பல்ல அதத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். அக்கா சொன்னா சரியா இருக்கும்னு."

"கூரை சரியா வந்துச்சு. மத்தத நான் சேத்துப் பாக்கல. உங்க உம்மா கேட்டதுக்கு அன்னிக்கே நான் பதில் சொல்லியிருக்கணும்."

உள்ளே பயறு களைந்துகொண்டிருந்த செல்வி எழுந்து வந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எனக்கு எத்தனைம்மா?" என்றாள்.

"உள்ள போ."

"எல்லாருக்கும் சொன்ன. இந்த அண்ணனுக்குச் சொன்ன, அந்த அண்ணனுக்குச் சொன்ன. எனக்கு மட்டும் நாலு வருஷமா அடுத்த மாசம், அடுத்த மாசம். எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

மழை தார்ப்பாயில் கொட்டியது. அக்கா மாவை ஈரத்துணி போட்டு மூடினார்.

"சொல்லியிருந்தா நீ போயிருப்ப" என்றார்.

செல்வி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். நஸீர் தட்டை ஒதுக்கிவைத்தான். பிறகு, மிச்சம் வைத்தால் தப்பாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, மறுபடி இழுத்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து அக்காவிடம், "நாளைக்கும் வர்றேன்" என்றான். ஊரிலிருந்த ஒரு மாதமும் தினம் வந்தான். பிறகு கப்பல் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அக்கா அதற்குப் பிறகு யாருக்கும் வித்தியாசம் சொல்லவில்லை. கோ ஸோ பழக்கத்தில் எதையோ கேட்டான், காருக்கு வேறு எஞ்சின் போடலாமா என்றோ என்னவோ. "என்னைக் கேக்காத தம்பி" என்றார்.

அந்த வருஷமே கல்லூரிகளைத் திறந்தார்கள். ஆனால் பழைய இடத்தில் இல்லை. எங்கள் துறைகளை ஆற்றுக்கு அப்பால், தன்லியின் என்ற ஊரையும் தாண்டி, வயலுக்கு நடுவே கட்டிய புதுக் கட்டடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். பச்சைக் கல்லூரி ஊரின் வேறு கோடிக்குப் போயிற்று. இரண்டுக்கும் ஆட்டம் வைப்பதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நான் திரும்பப் போகவில்லை. என் வயதில் யாருமே போகவில்லை. செல்வி போனாள்.

அவள் போகத் தொடங்கிய பிறகு கடையில் காலைப் பரோட்டா நின்றுவிட்டது. கதவு மாலையில்தான் திறக்கும். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஒருநாள் தன்லியினில் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்குச் சீட்டுக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. காலை ஆறரைப் பேருந்து. ஏறவே இடமில்லை, படியில் நாலு பேர் தொங்கினார்கள். உள்ளே நெருக்கித் தள்ளிக்கொண்டு போனால், ஜன்னலோர ஒற்றை இருக்கையில் அக்கா. தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் புத்தகப் பையோடு செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா எங்க வருது?" என்றேன்.

"தினம் வருதுண்ணே. வேணாம்னு எவ்வளவோ சொல்லிட்டேன். பஸ்ஸு கூட்டமா இருக்குன்னு சொல்லுது. எனக்கு இருபத்திமூணு வயசு."

"அங்க வந்து என்ன செய்யும்?"

"கேட்டுக்கு வெளியில மரத்தடியில உக்காந்திருக்கும். வகுப்பு முடிஞ்சு நான் வர்ற வரைக்கும். வாட்ச்மேன் பெஞ்சு போட்டுக் குடுத்திருக்காரு."

"எத்தனை நாளைக்கு?"

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றாள்.

பேருந்து பாலத்தில் ஏறியது. பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கியது. அப்போதுதான் கவனித்தேன். செல்வி ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்திருந்தாள். மற்றக் கை தாயின் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே இருந்தது. குலுக்கலுக்குக் குலுக்கல் தலை அந்தக் கையில்தான் இடித்தது. விரல் கணுக்கள் சிவந்திருந்தன. பின்னால் ஒருவர் இறங்க எழுந்தார். அந்த இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, வந்து உட்காரச் சொன்னேன்.

"வேணாண்ணே" என்றாள் மெதுவாக. "கையை எடுத்தா முழிச்சுக்கும்."